முதலாண்டு ஹானர்ஸ் மாணவர்களுக்கு சீனியர் குழு எதற்கு?

ஒவ்வோர் ஆகஸ்டிலும் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் நன்றாகப் படிக்கும் மாணவர்களுக்கென்று இருக்கும் ஹானர்ஸ் கல்லூரிகளில் புது மாணவர்கள் வந்து சேருகிறார்கள். பள்ளியில் முதல் வரிசை, கை நிறைய ஏ.பி. பாடங்கள் (பள்ளியிலேயே படிக்கும் கல்லூரி நிலைப் பாடங்கள்), ஸ்காலர்ஷிப் என்று எல்லாம் இருக்கும். இவர்களுக்குத் தனியாக உதவி எதற்கு என்று வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்குத் தோன்றும். பெற்றோருக்கும் தோன்றும். அந்தப் பிள்ளைகளுக்கே அப்படித் தோன்றுவதில்தான் சிக்கல் தொடங்குகிறது. பன்னிரண்டு வருடப் பள்ளிப் படிப்பில் யாரிடமும் போய் "எனக்கு இது புரியவில்லை" என்று சொல்ல வேண்டிய நிலையே வராத பிள்ளைக்கு, அந்த நிலை வரும்போது எங்கே போவது, எப்படிக் கேட்பது என்று தெரியாது.

பல ஹானர்ஸ் கல்லூரிகள் இதற்கு ஓர் எளிய ஏற்பாடு வைத்திருக்கின்றன. எட்டு, பத்து முதலாண்டு மாணவர்களை ஒரு குழுவாக்கி, அதே ஹானர்ஸில் இரண்டாம் ஆண்டோ மூன்றாம் ஆண்டோ படிக்கும் ஒரு சீனியரை அவர்களுக்கு வழிகாட்டியாகப் போடுகிறார்கள். சில இடங்களில் இரண்டு சீனியர்கள். முதல் செமஸ்டரில் அந்தக் குழு வாரம் ஒரு மணி நேரம் போலக் கூடும். அவ்வளவுதான். இவ்வளவு சின்ன விஷயம் ஏன் பலன் தருகிறது, எப்போது பலனில்லாமல் போகிறது என்பதைத் தெரிந்துகொண்டால், அதில் சேரும் மாணவருக்கும் அதை நடத்தப் போகும் சீனியருக்கும் உதவும்.

ஹானர்ஸ் என்றால்

டெல்லியிலோ இலங்கையிலோ ஹானர்ஸ் பட்டம் என்றால் ஒரு பாடத்தைச் சிறப்பாக எடுத்துப் படிப்பது. அமெரிக்காவில் ஹானர்ஸ் வேறு. இயற்பியல், வணிகம், நர்சிங், இசை என்று எதைப் படிப்பவரும் ஹானர்ஸில் இருக்கலாம். தன் துறைப் படிப்போடு கூடவே, சிறிய வகுப்புகளில் விவாதித்துப் படிக்கும் சில ஹானர்ஸ் பாடங்களை எடுக்க வேண்டும். பல இடங்களில் கடைசி ஆண்டில் ஒரு தீசிஸும் எழுத வேண்டும்.

இதன் தொடக்கத்தை ஸ்வார்த்மோர் கல்லூரியில் 1922இல் வந்த ஹானர்ஸ் திட்டத்திலிருந்து சொல்வது வழக்கம். அதைக் கொண்டுவந்த ஃபிராங்க் ஏடலாட் ரோட்ஸ் ஸ்காலர்ஷிப் பெற்று ஆக்ஸ்ஃபோர்டில் படித்தவர். ஆசிரியரோடு நேருக்கு நேர் உட்கார்ந்து விவாதிக்கும் அங்கத்தியப் பழக்கத்தை அமெரிக்காவுக்குக் கொண்டுவர நினைத்தார். பிறகு பெரிய அரசுப் பல்கலைக்கழகங்களும் இதை எடுத்துக்கொண்டன. ஆஸ்டினில் உள்ள டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் பிளான் டூ ஹானர்ஸ் 1935இல் வந்தது. ஆரிகன் பல்கலைக்கழகத்தின் ஹானர்ஸ் கல்லூரி 1960இல், அரிசோனா ஸ்டேட்டின் பாரெட் 1988இல், பென் ஸ்டேட்டின் ஷ்ரையர் 1997இல் வந்தன. பல்லாயிரம் பேர் படிக்கும் வளாகத்துக்குள் ஒரு சின்னக் கல்லூரி, சில இடங்களில் தனி ஹாஸ்டலோடு. இது நல்ல ஏற்பாடுதான். ஆனால் சுற்றிலும் தன்னைப் போன்ற கெட்டிக்காரப் பிள்ளைகளே இருக்கும் இடத்தில் ஒரு பதினெட்டு வயதுப் பிள்ளையை இது கொண்டுபோய் வைக்கிறது.

பத்தோடு பதினொன்று ஆகும்போது

பள்ளியில் எல்லோருக்கும் தெரிந்த கெட்டிக்காரி, ஹானர்ஸ் வகுப்பில் உட்கார்ந்ததும் பத்தோடு பதினொன்று ஆகிவிடுகிறாள். அவள் திறமை ஒரு துளியும் குறையவில்லை. பக்கத்தில் இருப்பவர்கள் மாறிவிட்டார்கள். ஹெர்பர்ட் மார்ஷ் என்ற கல்வி உளவியலாளர் 1980களில் இதை 'சிறு குளத்துப் பெரிய மீன் விளைவு' என்ற பெயரில் ஆராய்ந்தார். ஒரே அளவு திறமையுள்ள இருவரில், கெட்டிக்காரர்கள் நிறைந்த பள்ளியில் படிப்பவர் தன்னைக் குறைவாக மதிப்பிட்டுக்கொள்கிறார். மனிதர்கள் தங்களை அளப்பது உலகத்தோடு ஒப்பிட்டு இல்லை, அடுத்த நாற்காலியில் இருப்பவரோடு ஒப்பிட்டுத்தான்.

இதோடு இன்னொன்றும் சேரும். 1978இல் ஜார்ஜியா ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் பாலின் கிளான்ஸ், சூசன் ஐம்ஸ் இருவரும் படிப்பிலும் வேலையிலும் சாதித்த பெண்கள் பலரைக் கவனித்து எழுதினார்கள். கண்முன் சான்று இருந்தும், தங்களைத் தவறுதலாகத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள், ஒருநாள் குட்டு உடையும் என்று அவர்கள் உள்ளுக்குள் பயந்துகொண்டிருந்தார்கள். பெண்களிடம் முதலில் கண்ட இந்தப் பயம் ஆண்களிடமும் இருப்பது பிறகு தெரிந்தது. 'இம்போஸ்டர்' உணர்வு என்று இன்று எல்லோரும் பேசுவது இதைத்தான்.

ஹானர்ஸின் விதிகள் இந்தப் பயத்துக்குத் தீனி போடுகின்றன. ஜி.பி.ஏ. என்ற சராசரி மதிப்பெண் ஒரு கோட்டுக்குக் கீழே போனால் ஹானர்ஸிலிருந்து விலக வேண்டிவரும். அந்தக் கோடு கல்லூரிக்குக் கல்லூரி மாறும். பல பேருக்கு ஸ்காலர்ஷிப்பும் அதே நூலில் தொங்கும். செப்டம்பர் கடைசியில் கெமிஸ்ட்ரியில் முதல் மிட்டெர்ம் வருகிறது, வாழ்க்கையில் முதல் முறையாக ஒரு சி வருகிறது. அந்தப் பிள்ளை என்ன செய்யும்? பெரும்பாலும் யாரிடமும் சொல்லாது. கதவைச் சாத்திக்கொண்டு முன்னைவிட அதிக நேரம், அதே பழைய முறையில் படிக்கும். பக்கத்து அறையிலும் இதே கதை நடந்துகொண்டிருக்கும். இரண்டு பேருக்கும் அது தெரியாது.

பெர்க்லியின் கால்குலஸ் வகுப்பு

இந்த விஷயத்தில் ஆழமாகப் பார்க்க வேண்டிய ஓர் ஆராய்ச்சி உண்டு. அது ஹானர்ஸ் கல்லூரியில் நடக்கவில்லை. ஆனாலும் ஹானர்ஸ் மாணவர்களின் சிக்கலை இவ்வளவு தெளிவாகக் காட்டும் வேறொன்றை நான் படித்ததில்லை.

1970களின் நடுவில் யூரி ட்ரைஸ்மன் கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் கணித ஆய்வு மாணவராக இருந்தார். முதலாண்டு கால்குலஸில் கறுப்பின மாணவர்கள் பலர் தோற்றுக்கொண்டிருந்தார்கள். ஏன் என்று ஆசிரியர்களிடம் கேட்டார். ஆர்வம் போதாது, பள்ளியில் அடித்தளம் சரியில்லை, வீட்டில் ஊக்கம் கிடையாது, பணக்கஷ்டம் என்று காரணங்கள் வந்தன. விசாரித்துப் பார்த்தால் ஒன்றுமே பொருந்தவில்லை. தோற்றவர்களில் பலர் தங்கள் பள்ளியின் முன்னணி மாணவர்கள். பிள்ளை பிறப்பதற்கு முன்பே அதைக் கல்லூரிக்கு அனுப்புவது என்று தீர்மானித்திருந்த பெற்றோர்கள். அந்த மாணவர்களைவிடக் குறைந்த தயாரிப்போடு வந்த சிலர் நன்றாகத் தேறிக்கொண்டிருந்தார்கள்.

அதனால் ட்ரைஸ்மன் காரணம் தேடுவதை விட்டுவிட்டு, அவர்கள் எப்படிப் படிக்கிறார்கள் என்று பார்க்கப் போனார். இருபது கறுப்பின மாணவர்கள், அதே வகுப்பில் நன்றாகச் செய்துகொண்டிருந்த சீன வம்சாவளி மாணவர்கள் இருபது பேர். அவர்களோடு நூலகத்திலும் ஹாஸ்டலிலும் வீட்டிலும் பல மாதங்கள் உட்கார்ந்து கவனித்தார். கறுப்பின மாணவர்கள் சொன்ன சொல் தவறாமல் உழைத்தார்கள். ஒரு மணி நேர வகுப்புக்கு இரண்டு மணி நேரம் படி என்று சொல்லியிருந்தார்கள், வாரம் எட்டு மணி நேரம் படித்தார்கள். ஆனால் தனியாகப் படித்தார்கள். பள்ளியில் அவர்களைக் காப்பாற்றியதே அந்தத் தனிமைதான். சுற்றியிருந்த கவனச்சிதறல்களிலிருந்து விலகி, தன்பாட்டில் படித்துத்தான் பெர்க்லி வரை வந்திருந்தார்கள்.

சீன மாணவர்கள் தனியாகவும் படித்தார்கள், அப்புறம் கூடியும் படித்தார்கள். வாரம் பதினான்கு மணி நேரம் போல. அதில் நாலைந்து மணி நேரம் சாப்பாட்டோடு, அரட்டையோடு, ஒருவர் கணக்கை இன்னொருவர் சரிபார்ப்பதில் போகும். எல்லோருக்கும் ஒரு கணக்கு வரவில்லை என்றால் அது உண்மையிலேயே கடினமான கணக்கு என்று தெரிந்துவிடும். ஒருவருக்கு மட்டும் வரவில்லை என்றால் மற்றவர்கள் சொல்லித்தருவார்கள். தான் எங்கே நிற்கிறோம் என்று ஒவ்வொருவருக்கும் தெரிந்திருந்தது. தனியாகப் படித்தவருக்கோ தேர்வுத் தாள் திரும்பி வரும் நாள் வரை தெரியாது. தப்பான விடை வந்தால், எங்கே தப்பு, நம்மிடமா புத்தகத்திலா என்று கேட்க ஆள் இல்லை.

ஹானர்ஸ் நடத்துபவர்கள் அடிக்கோடிட வேண்டிய இடம் அடுத்து வருகிறது. வளாகத்தில் உதவி மையங்கள் அப்போதும் இருந்தன. அந்த மாணவர்கள் அங்கே போகவில்லை. அவர்கள் தங்களைப் பிறருக்குச் சொல்லிக்கொடுப்பவர்களாக நினைத்தார்களே தவிர, டியூஷனுக்குப் போகிறவர்களாக நினைக்கவில்லை. பள்ளியில் அப்படித்தான் இருந்தார்கள்.

1978 வாக்கில் ட்ரைஸ்மன் தொடங்கிய பயிலரங்கு இதை மனதில் வைத்து உருவானது. பின்தங்கியவர்களுக்கான சிறப்பு வகுப்பு என்ற வாடையே அதில் கிடையாது. நன்றாகப் படிக்க வந்தவர்கள் இன்னும் சிறப்பாகப் படிக்கும் இடம் என்றே அழைத்தார். வழக்கமான வீட்டுப் பாடத்தைவிடக் கடினமான கணக்குகளைக் கொடுத்து, குழுவாக உட்கார்ந்து போடச் சொன்னார். கணக்கு கடினமாக இருந்ததால் பேசாமல் இருக்க முடியவில்லை. பேசியதில் நட்பு வந்தது. அந்தப் பயிலரங்கில் இருந்த கறுப்பின மாணவர்கள், அதில் சேராதவர்களைவிட நன்றாகத் தேறினார்கள். எமர்ஜிங் ஸ்காலர்ஸ் என்ற பெயரில் இதே முறை பிறகு பல பல்கலைக்கழகங்களுக்குப் பரவியது.

நல்ல சீனியர் குழு செய்வதும் இதைத்தான். உதவி கேட்பதைக் கெட்டிக்காரர்கள் செய்யும் வழக்கமான வேலையாக அது மாற்றிவிடுகிறது. "உனக்கு ஏதாவது கஷ்டம் இருந்தால் வந்து சொல்" என்று கூப்பிட்டால் ஹானர்ஸ் மாணவர் வரமாட்டார். "செவ்வாய் ஐந்து மணிக்கு எல்லோரும் கூடுகிறோம்" என்றால் வருவார். வந்தபிறகு அவர் கஷ்டம் பத்துப் பேரின் கஷ்டத்தோடு சேர்ந்து சாதாரணமாகிவிடும். ஒருவருக்கு ஒருவர் என்று ஜோடி சேர்த்துவிடும் முறையைவிடக் குழு மேல் என்று நான் நினைப்பதற்குக் காரணமும் இதுதான். ஜோடியில் ஒரு ஜூனியர், ஒரு சீனியர். தன் வயதுப் பிள்ளையும் இதே இடத்தில் தடுமாறுகிறது என்று பார்க்க வாய்ப்பே இல்லை.

சீனியரின் கதைக்கு என்ன பலம்

கிரெகரி வால்டன், ஜெஃப்ரி கோஹன் இருவரும் 2011இல் சயன்ஸ் இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். முதலாண்டு மாணவர்கள் சிலருக்கு, சுமார் ஒரு மணி நேரம், சீனியர்கள் சொன்னவற்றைப் படிக்கக் கொடுத்தார்கள். நானும் வந்த புதிதில் இங்கே எனக்கு இடமில்லை என்று நினைத்தேன், எல்லோருக்கும் அப்படித்தான் இருந்தது, போகப்போகச் சரியாயிற்று என்ற வகைப் பேச்சு அது. பிறகு அதைத் தங்கள் அனுபவத்தோடு சேர்த்து எழுதச் சொல்லி, அடுத்து வரும் மாணவர்களுக்காகக் காமிரா முன் பேசச் சொன்னார்கள். அடுத்த மூன்று ஆண்டுகளில் கறுப்பின மாணவர்களுக்கும் வெள்ளை மாணவர்களுக்கும் இடையிலான மதிப்பெண் இடைவெளி பாதியாகக் குறைந்தது.

ஒரு மணி நேரத்தில் இவ்வளவா என்று சந்தேகம் வருவது நியாயம்தான். 2023இல் அதே இதழில் 22 கல்லூரிகளில் செய்து பார்த்த பெரிய ஆய்வு வந்தது. மாணவர்கள் உண்மையிலேயே ஒட்டிக்கொள்ள இடம் இருந்த கல்லூரிகளில்தான் இந்தப் பேச்சு பலித்தது. "போகப்போகச் சரியாகும்" என்று சொல்லிவிட்டு, சரியாவதற்கு ஒரு வழியும் வைக்காத இடத்தில் அது வெறும் பேச்சாகவே போயிற்று. வரவேற்பு நாளில் ஒரு சீனியரை மேடையேற்றிப் பேசவைத்துவிட்டு அதோடு முடித்துக்கொள்ளும் கல்லூரிகளுக்கு இதில் பாடம் உண்டு. அந்தப் பேச்சு நவம்பர் வரைக்கும் தாங்காது.

ஒரு செமஸ்டர் எப்படிப் போகும்

முதல் தொடர்பு ஜூலையிலேயே நடந்துவிடுவது நல்லது. சீனியர் ஒரு சின்ன மெயில் அனுப்புவார், அல்லது குழுவுக்கு ஒரு சாட் தொடங்குவார். ஹாஸ்டலுக்கு என்ன எடுத்துவர வேண்டும், ஏ.பி. கிரெடிட்டை (பாடத்தை முடித்ததற்குக் கணக்கில் சேரும் அலகு) எந்தப் பாடத்துக்குப் பதிலாக வைத்துக்கொள்ளலாம், எந்தப் பாடத்தை முதல் செமஸ்டரில் சேர்த்து எடுத்தால் மூச்சு முட்டும் என்பது மாதிரியான கேள்விகள் வரும். இந்த அற்பக் கேள்விகளில்தான் நம்பிக்கை உண்டாகிறது. தலையணை உறை அளவைக் கேட்டவர்தான் அக்டோபரில் பெரிய கேள்வியைக் கேட்பார்.

ஆகஸ்ட், செப்டம்பரில் பேச்சு நடைமுறை பற்றியதாக இருக்கும். பள்ளியில் காலை எட்டிலிருந்து மாலை வரை யாரோ நேரத்தை வகுத்துக்கொடுத்தார்கள். இங்கே வாரம் பதினைந்து மணி நேரம்தான் வகுப்பு, மிச்ச நேரம் முழுக்கத் தன் கையில். அந்த மிச்ச நேரத்தில்தான் படிப்பே இருக்கிறது என்பது புதிதாக வருபவருக்கு உறைக்காது. சிலபஸை எப்படிப் படிப்பது, ஆபீஸ் அவர்ஸ் என்பது மாணவர்கள் வந்து கேள்வி கேட்கப் பேராசிரியர் ஒதுக்கும் நேரம், திட்டுவதற்குக் கூப்பிடும் நேரம் இல்லை என்பது, அங்கே போய் முதல் வாக்கியமாக என்ன சொல்வது என்பதையெல்லாம் சீனியர் சொல்லித்தருவார். வெறுமனே சொல்வதைவிட, குழுவிலிருந்து மூன்று பேரை ஒன்றாக அனுப்பிவைப்பது பலமடங்கு மேல். முதல் தடவை துணையோடு போனவர் இரண்டாம் தடவை தானாகப் போவார்.

ஒரு செமஸ்டரில் தவறவே விடக்கூடாத சந்திப்பு, முதல் மிட்டெர்ம் தாள்கள் வந்த வாரத்துச் சந்திப்பு. பல குழுக்களில் அன்றைக்குத்தான் வருகை குறையும். மார்க் குறைந்தவர்கள் வரமாட்டார்கள். அதனால் தெரிந்த சீனியர் முந்தைய வாரமே சொல்லிவைப்பார்: அடுத்த வாரம் யாரும் மார்க் சொல்ல வேண்டாம், நான் மட்டும் என் முதல் மிட்டெர்ம் கதையைச் சொல்கிறேன் என்று. சொல்லும்போது விவரத்தோடு சொல்ல வேண்டும். எந்தப் பாடம், தாளைப் பார்த்ததும் என்ன செய்தார், யாரிடம் எப்போது போனார், அதற்குப் பிறகும் எத்தனை வாரம் சரியாகவில்லை. "நான் தோற்றேன், பிறகு உழைத்து ஜெயித்தேன்" என்ற சுருக்கக் கதை யாருக்கும் உதவாது. அது இன்னொரு சாதனைக் கதையாகவே காதில் விழும். கடைசிவரை அந்தப் பாடத்தில் பி-க்கு மேல் போகாமலே நிம்மதியாக இருக்கும் சீனியரின் கதை அதைவிட நல்லது.

அதே வாரத்தில் கொஞ்சம் கணக்கும் போட வேண்டும். இந்தப் பாடத்தில் இன்னும் எத்தனை சதவீதம் மீதி இருக்கிறது, பாடத்தை விட்டு விலகக் கடைசித் தேதி எது, விலகினால் டிரான்ஸ்கிரிப்டில் விலகியதைக் குறிக்கும் டபிள்யூ வருமா, அது ஜி.பி.ஏ.வில் சேராதா, ஸ்காலர்ஷிப்புக்குத் தேவையான கிரெடிட் குறையுமா. தேதிகளும் விதிகளும் பயத்தை ஒரு கணக்காக மாற்றும். கணக்கு என்றால் இந்தப் பிள்ளைகளுக்குக் கை வரும்.

அப்புறம் வசந்த செமஸ்டருக்கான பாடப் பதிவு, நவம்பர் கடைசியில் வரும் தாங்க்ஸ்கிவிங் விடுமுறைக்கு வீட்டுக்குப் போக முடியாதவர்களின் நான்கு நாள், டிசம்பர் தேர்வுகள். இவற்றைச் சீனியர்கள் நன்றாகவே கையாளுகிறார்கள். கல்லூரிகள் தவறவிடுவது ஜனவரியை. பெரும்பாலான குழுக்கள் டிசம்பரோடு கலைந்துவிடும். ஆனால் முதல் செமஸ்டர் முடிவு கைக்கு வந்து, ஹானர்ஸ் கோட்டுக்கு மேலா கீழா என்று தெரிவது அதற்குப் பிறகுதான். ஜனவரியில் இரண்டு சந்திப்பாவது வைக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

குழுவை எப்படிப் பிரிப்பது என்பதிலும் கவனம் வேண்டும். ஒரே ஹானர்ஸ் செமினாரில் இருப்பவர்களை ஒரு குழுவாக்கினால் பேச விஷயம் தானாக இருக்கும். பாரெட்டில் 'தி ஹியூமன் ஈவென்ட்' என்று புது மாணவர்கள் எல்லோரும் எடுக்கும் செமினார் இருப்பது போல, பல கல்லூரிகளில் பொதுவான ஒரு பாடம் உண்டு. குடும்பத்திலேயே முதல் பட்டதாரியாகப் போகும் பிள்ளையையோ, வெளிநாட்டிலிருந்து வந்த பிள்ளையையோ ஒரு குழுவில் ஒற்றையாக விடக்கூடாது. இரண்டு பேராவது இருந்தால் ஒருவர் பேசும்போது இன்னொருவர் தலையாட்டுவார்.

யார் சீனியராக இருக்கலாம்

ஜி.பி.ஏ. முழுசாக 4.0 வைத்திருப்பவரைத் தேடிப்போகும் பழக்கம் பல இடங்களில் உண்டு. அது தப்பு. எல்லாம் சுலபமாக வந்தவருக்கு எது கடினம் என்று தெரியாது. ஒரு தடவை சறுக்கி, உதவி கேட்டு, எழுந்து வந்தவர், கூடவே பேசுவதைவிட அதிகம் கேட்பவர், அவர்தான் பொருத்தம்.

இதில் தென் கரோலினா பல்கலைக்கழகத்தின் அனுபவம் நீண்டது. 1970இல் வளாகத்தில் பெரிய மாணவர் கலவரம் வெடித்தபின், மாணவர்களுக்கும் பல்கலைக்கழகத்துக்கும் உறவு எங்கே அறுந்தது என்று யோசித்து 1972இல் 'யுனிவர்சிட்டி 101' என்ற முதலாண்டுப் பாடத்தை அங்கே தொடங்கினார்கள். ஜான் கார்ட்னர் அதை நெடுங்காலம் நடத்தி நாடறியச் செய்தார். 1990களிலிருந்து அந்த வகுப்புகளில் ஆசிரியரோடு ஒரு சீனியரும் சேர்ந்து நிற்கிறார். அவருக்கு முன்கூட்டியே பயிற்சி உண்டு, நடத்தும் காலத்திலும் மேற்பார்வை உண்டு. சீனியரைச் சும்மா உள்ளே தள்ளிவிடாமல் தயார் செய்ய வேண்டும் என்பதை அமெரிக்கக் கல்லூரிகள் இப்படித்தான் கற்றுக்கொண்டன.

நல்ல பயிற்சியில் அறிவுரை சொல்லும் வித்தை இருக்காது. ஜூனியர் ஒன்று சொன்னால் உடனே தீர்வு சொல்லாமல் இன்னொரு கேள்வி கேட்பது, மௌனத்தைப் பொறுத்துக்கொள்வது, தனக்குத் தெரியாததைத் தெரியாது என்று சொல்லிவிட்டுத் தெரிந்தவரிடம் அனுப்புவது, இவற்றை நடித்துப் பழக வேண்டும். சீனியர்கள் தங்களுக்குள் வாரம் ஒருமுறை ஓர் ஊழியரோடு கூட வேண்டும். இல்லாவிட்டால் பத்துப் பேரின் பாரத்தை ஒரு பத்தொன்பது வயதுப் பிள்ளை தனியாகச் சுமக்கும். இது நேரம் பிடிக்கும் வேலை. உதவித்தொகையோ கிரெடிட்டோ கொடுப்பதுதான் முறை.

நம் ஊர்ப் பெற்றோர் சிலருக்கு சீனியர் என்றதும் ராகிங் ஞாபகம் வரும். அதைத் தடுக்க 1997இல் தமிழ்நாட்டில் சட்டமே வந்ததே. அதனால் ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்கிறேன். இந்தக் குழுக்களில் சீனியருக்கு அதிகாரம் எதுவும் கிடையாது. மார்க் போடுவதில்லை, தண்டிப்பதில்லை, வேலை ஏவுவதில்லை. அப்படி யாராவது செய்தால் ஹானர்ஸ் அலுவலகத்தில் சொல்லலாம், சொல்ல வேண்டும்.

எல்லைகள்

சீனியர் டியூட்டர் கிடையாது. பாடம் சொல்லிக்கொடுக்க வேறு ஏற்பாடுகள் உண்டு. மிசூரி கன்சாஸ் சிட்டி பல்கலைக்கழகத்தில் 1973இல் டீனா மார்ட்டின் தொடங்கிய 'சப்ளிமென்டல் இன்ஸ்ட்ரக்ஷன்' இன்று பல நாடுகளில் இருக்கிறது. தோற்கும் மாணவர்களைக் குறிவைக்காமல், பலர் தோற்கும் பாடங்களைக் குறிவைத்து எல்லோருக்கும் திறந்துவிடும் அந்த யோசனை ஹானர்ஸ் மாணவர்களின் கௌரவத்துக்கும் ஒத்துவரும். சீனியர் அங்கே கூட்டிப்போகலாம். தன் பழைய வீட்டுப் பாடத்தைக் கொடுக்கக்கூடாது. அது இருவரையும் நேர்மை விதியில் மாட்டிவிடும்.

சீனியர் மனநல ஆலோசகரும் கிடையாது. இதில் தயக்கமே கூடாது. தூங்கவில்லை, சாப்பிடவில்லை, வகுப்புக்குப் போகவில்லை, வாழப் பிடிக்கவில்லை என்ற பேச்சு வந்தால், அன்றைக்கே கல்லூரியின் ஆலோசனை மையத்துக்கு உடன் நடந்துபோக வேண்டும். இரவென்றால், அமெரிக்காவில் மனநல நெருக்கடிக்கு உதவும் 988 என்ற எண்ணை அழைக்கலாம், மெசேஜும் அனுப்பலாம். 2022 ஜூலையிலிருந்து நாடு முழுக்க அந்த எண் இருக்கிறது. எதை ரகசியமாக வைத்திருப்பேன், எதை வைத்திருக்க முடியாது என்று சீனியர் முதல் சந்திப்பிலேயே சொல்லிவிட வேண்டும். ஒருவர் உயிருக்கு ஆபத்து என்றால் ரகசியம் கிடையாது.

நம் பிள்ளைகள் விஷயத்தில்

தமிழ்நாட்டிலிருந்தோ இலங்கையிலிருந்தோ எஃப்-1 என்ற மாணவர் விசாவில் போயிருக்கும் மாணவர் ஒன்றை மறக்கக்கூடாது. இளநிலை மாணவர் செமஸ்டருக்குப் பொதுவாகப் பன்னிரண்டு கிரெடிட் எடுத்தே ஆக வேண்டும். "அந்தப் பாடத்தை விட்டுவிடு, நானும் விட்டேன்" என்று அமெரிக்கக் குடிமகனான சீனியர் நல்லெண்ணத்தோடு சொல்லலாம். அவருக்கு அது சரி. விசா மாணவர் பன்னிரண்டுக்குக் கீழே போவதற்கு முன் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தில் அனுமதி வாங்க வேண்டும். இல்லாவிட்டால் விசா நிலையே சிக்கலாகிவிடும். சீனியர்களுக்குப் பயிற்சி கொடுப்பவர்கள் இதைத் தனியாகச் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

அங்கேயே வாழும் தமிழ்க் குடும்பங்களில் வேறொரு தர்மசங்கடம். பள்ளி வரை ஒவ்வொரு டெஸ்ட் மார்க்கும் அம்மா அப்பாவுக்குத் தெரியும். கல்லூரிக்குப் போனதும் மாணவர்களின் கல்விப் பதிவுகளைப் பாதுகாக்கும் 1974ஆம் ஆண்டின் ஃபெர்பா சட்டப்படி அந்த உரிமை மாணவர் கைக்குப் போய்விடுகிறது. பிள்ளை சம்மதிக்காமல் கல்லூரி பொதுவாக மார்க்கைக் காட்டாது. பெற்றோர் ஃபோனில் கேட்பார்கள், பிள்ளை "ஃபைன்" என்று சொல்லும். இரண்டு பக்கமும் அன்புதான், இரண்டு பக்கமும் பயம்தான். பெற்றோருக்கு என்னால் சொல்ல முடிந்தது ஒன்று உண்டு. மார்க்கைக் கேட்பதற்குப் பதிலாக, இந்த வாரம் குழுவுக்குப் போனாயா, யாரோடு சேர்ந்து படிக்கிறாய் என்று கேளுங்கள். அதற்குப் பிள்ளை பொய் சொல்லத் தேவையிருக்காது. பதில் "யாரோடும் இல்லை" என்று இரண்டு, மூன்று வாரம் தொடர்ந்து வந்தால், அது மார்க்கைவிட முக்கியமான செய்தி.

சேர்ந்த கல்லூரியில் இப்படிக் குழு எதுவும் இல்லாவிட்டாலும் காத்திருக்க வேண்டாம். ஹானர்ஸ் ஹாஸ்டலில் அதே கால்குலஸோ கெமிஸ்ட்ரியோ எடுக்கும் மூன்று பேரைப் பிடியுங்கள். வாரத்தில் ஒரு நாள், ஒரே நேரம், ஒரே மேஜை என்று முடிவு செய்யுங்கள். முதலில் தனியாகப் போட்டுப்பார்த்துவிட்டு, வராத கணக்குகளோடு அங்கே போய் உட்காருங்கள். பிறகு ஹானர்ஸ் அலுவலகத்துக்கு ஒரு மெயில்: இந்தப் பாடத்தை முடித்த ஒரு சீனியர் மாதம் இரண்டு தடவை எங்களோடு வந்து உட்கார முடியுமா என்று. முதல் மிட்டெர்முக்கு முன்பே, செப்டம்பர் இரண்டாம் வாரத்துக்குள், அதை அனுப்பிவிடுங்கள்.